கடற்காற்றின் கடைசி நிறுத்தம்

ஒரு கையில் பலூன், ஒரு கையில் போன். அப்படியே செல்ஃபி எடுத்திருக்கலாம். என் முகத்தோடு பலூனும் முழுசாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தேன். பலூன் போயே போனது.

கைனாத் அப்போது குனிந்து தியோடலைட்டைச் சமமாக நிறுத்திக்கொண்டிருந்தாள். முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி அது. பறக்கும் பலூனை அதன் வழியே விடாமல் துரத்தி, எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணக்குப் போடுவோம். போடுவோம் என்றால் அவள் போடுவாள், நான் குடை பிடிப்பேன். அவள் நிமிர்ந்தபோது வெள்ளைப் பலூன் எங்கள் துறையின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மேடவாக்கம் பக்கமாக நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

சாதாரணப் பலூன் என்றால் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாங்கிக் கொடுத்திருப்பேன். இது துறையில் மிச்சமிருந்த கடைசி ஹீலியத்தில் ஊதியது. அடுத்த சிலிண்டர் வருவதற்குள் எங்கள் வகுப்பே வானிலையியல் பட்டம் வாங்கிவிடும். என் விஷயம் சந்தேகம், அவள் வாங்கிவிடுவாள். வெயில் நாளில் கடற்காற்று எப்படி உள்ளே வருகிறது என்பதுதான் கைனாத்தின் இறுதியாண்டு ப்ராஜெக்ட். அதை நம்பித்தான் புனேவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். எல்லாம் முடிந்து, ஒரு நாள் காற்றை நேரில் பார்த்து எழுதிய கணக்கு மட்டும் பாக்கி. நாளை மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும்.

"கைனாத், கோவமா?"

"ஓரிரு இடங்களில், மிதமானது முதல் கனமானது வரை," என்றாள் வானத்தைப் பார்த்தபடியே.

எங்கள் படிப்பின் வியாதி இது. மூன்று வருஷம் வானிலை படித்த ஆளிடம் நேரான பதில் வாங்க முடியாது. மேகம் கூடினால் என் சித்தப்பா போன் போட்டு, "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்பார். "வாய்ப்பிருக்கு" என்பேன். "இதைச் சொல்ல ஒரு டிகிரியா?" என்று வைத்துவிடுவார்.

எங்கள் பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன் சார் மாடிக்கு வந்து, காலி முக்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உயரத்தை விட்டுடும்மா. தரையில காத்து வந்த பாதையைக் காட்டு, ஏத்துக்கறேன். ஆனா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வேணும். பாதிப் பாதை வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எதையும் பிடிக்காதீங்க" என்றார்.

நானாக இருந்தால் முதலில் அழுதுவிட்டு, அப்புறம் டீ குடித்திருப்பேன். கைனாத் நேராக டீக்குப் போனாள். டம்ளர் காலியாவதற்குள் திட்டம் தயார். மேற்குத் தாம்பரத்தில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஃபேன்சி ஸ்டோர். அங்கிருந்து சாட்டின் ரிப்பன், துறையிலிருந்து தெர்மாமீட்டர்கள்.

"பகல்ல மேற்குக் காத்து அனலா அடிக்கும். கடற்காத்து வந்தா ரிப்பன் அப்படியே திரும்பிக்கும். சூடும் இறங்கணும். ரெண்டும் நடந்தாதான் கணக்கு, புரியுதா?"

பெரும்பாக்கம் மாடியில் அவள் சித்தி மகள் சபீஹா. செம்பாக்கம் மாடியில் என் அம்மா. தாம்பரத்தில் அவளே. மேற்குக் கோடியில், குன்றத்தூர் மலையில், நான். ஒரு பலூனைப் பிடிக்கத் தெரியாதவனை நம்பி ஓர் ஊரையே கொடுத்தாள்.

மறுநாள் மதியம் முருகன் கோயில் படிக்கட்டு ஓரத்தில், கம்பில் சிவப்பு ரிப்பனோடு நின்றேன். பூ விற்கும் அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா வேண்டுதல் நைனா?"

"காத்து வரணும்க்கா."

"எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோ. பேஜாரா கீது இந்த வெய்யிலு."

போனில் நால்வரும் ஒரே அழைப்பில் இருந்தோம். முதலில் சபீஹா கத்தினாள்: "அக்கா, திரும்பிடுச்சு! கொடித்துணி எல்லாம் பறக்குது!"

வெகுநேரம் கழித்து என் அம்மா. "வந்துடுச்சும்மா கைனாத்! ரிப்பன் திரும்பி மாடிப்படிப் பக்கம் பறக்குது. மூணு டிகிரி இறங்கியிருக்கு. மிளகாய்த் தட்டு கவுந்துடுச்சு, அதையும் எழுதிக்கோ."

"எழுதிட்டேன் ஆன்ட்டி."

வெயில் சாயத் தொடங்கியபோது கைனாத்தின் குரல், விருந்தாளிக்குக் கதவு திறப்பதுபோல மெதுவாக: "எனக்கும் வந்துடுச்சு."

எனக்குச் சிலிர்த்தது. மூன்று வருஷமாகப் பலகையில் அம்புக்குறியாகவே பார்த்த காற்று, பஸ் மாதிரி ஒவ்வொரு நிறுத்தமாக வந்துகொண்டிருந்தது. அது எந்த வரிசையில் வரும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அவளுக்குப் பலூன் ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

மிச்சம் என் நிறுத்தம். என் ரிப்பன் பிடிவாதமாகக் கிழக்கே பறந்தது. பிறகு தளர்ந்தது. ஒரே ஒரு முறை மேற்கே தலையாட்டிவிட்டுத் தொங்கிப்போனது. தெர்மாமீட்டர் அசையவில்லை. 'வந்துடுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பாதை முழுசாகும், புனே பக்கத்தில் வரும். இங்கே பார்த்த சாட்சி முருகனும் பூக்கார அக்காவும்தான்.

"அச்சு, வந்துச்சா?"

வாய்ப்பிருக்கு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வரலை."

"ரிப்பன் ஆடவே இல்லையா?"

"ஒரு தடவை ஆடுச்சு. சூடு இறங்கலை. காத்து வரலை, கைனாத்."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்துட்டேன். சாரி."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்தில் நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"டேய், அப்ப எனக்கும் உனக்கும் நடுவுலதான் நின்னுருக்கு! மேற்குக் காத்து அதைத் தள்ளி நிறுத்திடுச்சு. சார் கேட்ட கடைசி அதுதான். நீ சும்மா வந்துச்சுன்னு சொல்லியிருந்தா, என் காத்துக்கு முடிவே இருந்திருக்காது."

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கால் வலி அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ... இன்னும் என் மேல கோவமா?"

'ஓரிரு இடங்களில்' என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"நேத்து ரொம்ப இருந்துச்சு," என்றாள். "இப்ப இல்லை."