மூடியில் வெட்டிய பெயர்

மூடியில் இருந்த பெயரை ப்ரீத்தி கவனிக்கவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

படத்தில் யார் முகமும் இல்லை. போட்டவரின் பெயரையும் வெட்டியாகிவிட்டது. இரண்டு எவர்சில்வர் டப்பா, இரண்டிலும் பாகற்காய்ப் பொரியல். யாருடையது என்று யாருக்குத் தெரியப் போகிறது? தைரியமாக ட்விட்டரில் ஏற்றினாள்.

‘இந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போறது சம்பளத்துக்கு இல்ல, பாகற்காய்கிட்ட இருந்து தப்பிக்க. பாவம், அதுவும் கூடவே வருது.’

அங்கே அவள் ப்ரீத்தி இல்லை, ‘மோர்மிளகாய்’. யாரையாவது வறுத்தெடுத்தால்தான் அங்கே மதிப்பு. வறுபட்டவர் திருப்பி வறுப்பார். அந்த ஊர்ப் பாசம் அப்படி.

படம் வந்த இடமோ வேறு உலகம். ‘திருச்சி டிபன் டப்பா’ என்ற ஃபேஸ்புக் குழு. காலையில் கட்டிய சாப்பாட்டை மூடுவதற்குமுன் படமெடுத்துப் போட வேண்டும். பார்க்கிறவர்கள் கீழே ‘எனக்கு ஒரு வாய்’ என்று எழுதுவார்கள். ரசம் சாதமோ பிரியாணியோ, யாரும் குறை சொல்லக் கூடாது. அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த அட்மினே ப்ரீத்திதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த எவனோ கண்டுபிடித்துவிட்டான். ஓரத்தில் கிடந்த மூடியில், பாத்திரக்கடையில் வெட்டிக் கொடுத்த எழுத்து: ‘க. ரங்கநாதன், ஸ்ரீரங்கம்.’

ப்ரீத்தி பதறியடித்துப் பதிவை நீக்கினாள். அதற்குள் அது வாட்ஸப்பில் ஊர் சுற்றி, ரங்கநாதன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு போன் வந்தது. ரங்கநாதனின் மனைவி, குழுவில் அந்தப் படத்தைப் போட்ட சுபலட்சுமி.

“டப்பா எடுத்துட்டுப் போக மாட்டேங்கறாரும்மா. ‘என்ன ரங்கா, இன்னிக்கும் கூடவே வந்துடுச்சா’ன்னு கேக்கறாங்களாம். கேன்டீன்ல பரோட்டா சாப்பிடறார். சுகர் இருக்கற மனுஷன்.”

முன்பு ப்ரீத்தி ஹாஸ்டலில் இருந்த நாளில் காய்ச்சலோடு கிடந்தபோது ‘எனக்கு ஒரு வாய்’ என்று எழுதியவளுக்கு, பஸ் ஏறி நிஜமாகவே டப்பா கொண்டுவந்து கொடுத்தவள் இந்தச் சுபலட்சுமி.

“நம்ம குழுவுல இருந்துதான் வெளிய போயிருக்கு. நீதான் அட்மின், யாருன்னு கண்டுபிடி. எனக்கு அந்தக் காட்டூர்ப் பொண்ணு மேலதான் சந்தேகம்.”

“ஜெஸிமாவா?”

“அவதானே அன்னிக்கு என் படத்துக்குக் கீழ ‘மாமா எப்படித் தாங்கறாருக்கா’ன்னு எழுதினா?”

உண்மையைச் சொல்ல அந்த நொடி போதும். “விசாரிக்கறேன்க்கா” என்றாள் ப்ரீத்தி.

ஆக, கேஸை விசாரிக்கப் போகிறவளே குற்றவாளி.

சந்தேகம் குழுவுக்குள் ஓசையில்லாமல் பரவியது. ஜெஸிமாவின் படத்துக்குக் கீழே யாரும் ஒரு வாய் கேட்கவில்லை. ப்ரீத்திக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள் ஜெஸிமா. ‘நான் செய்யலக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்புவாங்க.’

ப்ரீத்தி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அனுப்பியது: ‘பார்த்துக்கறேன்ம்மா.’

வெள்ளிக்கிழமை ஜெஸிமா ஒரு படம் போட்டாள். கழுவிக் கவிழ்த்த காலி டப்பா. ஒரு வார்த்தை எழுதவில்லை. குழுவை விட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ப்ரீத்தி ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

சுபலட்சுமி அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள் ப்ரீத்தி. “அது நான்தான்க்கா.”

ஆற்றிய கை நின்றது. பிறகு மெதுவாக மறுபடி ஆற்ற ஆரம்பித்தது.

“நீயா?”

“அங்க நாங்க எல்லாரும் அப்படித்தான்க்கா பேசிக்குவோம். விளையாட்டுதான்...”

“அங்க இருக்கறவங்களோட விளையாடு. நாங்க அங்க இல்லையேம்மா.”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சுபலட்சுமியின் குரல் ஏறவே இல்லை.

“எங்களை விடு. இவர் பத்து நாள் முறுக்கிக்கிட்டு அப்புறம் டப்பாவைத் தூக்கிடுவார். அந்தப் பொண்ணை நான் என்னவெல்லாம் நினைச்சுட்டேன். அன்னிக்கு போன்லயே நீ சொல்லியிருந்தா நினைச்சிருப்பேனா?” டம்ளரை நீட்டினாள். “குடி, ஆறிடும்.”

ப்ரீத்தி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீடு திரும்பும் பஸ்ஸிலேயே இரண்டு இடத்திலும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ட்விட்டரில் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். ‘கிளைமாக்ஸ்ல ட்விஸ்ட் வச்ச தங்கச்சி வாழ்க’, ‘மாமாவுக்கு பாகற்காய் பார்சல்’ என்று விடிய விடியக் கும்மாளம். அவள் நிஜமாகத்தான் அழுகிறாள் என்று ஒருவரும் நம்பவில்லை.

குழுவில் யாரும் திட்டவில்லை. திட்டக் கூடாது என்பது அவளே கொண்டுவந்த வழக்கம். ஜெஸிமாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டதற்கு ‘சரிக்கா’ என்று பதில் வந்தது. திரும்ப வரச் சொல்லி அனுப்பிய அழைப்பை அவள் தொடவே இல்லை.

திங்கட்கிழமை ப்ரீத்தி எலுமிச்சை சாதம் கட்டினாள். மூடுவதற்குமுன் படமெடுத்துக் குழுவில் போட்டாள்.

மதியம் டப்பாவைத் திறக்கும்போது போன் துடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் மோர்மிளகாய்க்கு வந்தவை. அவற்றைத் தள்ளிவிட்டுக் குழுவைத் திறந்தாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். சுபலட்சுமியும்.

ஒரு வாய்கூட யாரும் கேட்கவில்லை.