புதன்கிழமை முட்டிவலி

என் தம்பி குடித்தான் என்பதை இப்போது மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு, எங்கள் வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி யாரும் பேச இடம் கொடுத்ததில்லை.

குடிக்குச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து அவனை அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "எங்க வேலை முடிஞ்சுதும்மா. குடியை விட்டவங்க வாரா வாரம் கூடிப் பேசுற கூட்டம் அங்கங்க நடக்குது. வீட்டுக்குப் பக்கத்துல, அவர் மனசுக்கு ஒத்துப்போறதாப் பாருங்க. ஒட்டலேன்னா திரும்ப இங்கதான் வரணும்."

'பக்கத்துல' என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். புதன்கிழமை அவனுக்கு விடுமுறை. கிளம்பும்போது அவன் மனைவி என்னிடம், "அண்ணி, இன்னொரு தடவை விழுந்தார்னா தூக்க எனக்குத் தெம்பில்ல," என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கியது.

முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே எல்லாரும் பெரிய அதிகாரிகள். குடும்பத்தாரும் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன். தம்பி வாயே திறக்கவில்லை. திரும்பும்போது, "அக்கா, அவங்க குடிச்ச சரக்குப் பேரே எனக்கு வாயில நுழையல," என்றான்.

அடுத்த கூட்டத்தில் ஒருவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விளாசினார்.

"எப்படிடா இருந்துச்சு?"

"திட்டு வாங்க ரெண்டு பஸ் ஏறணுமா? வீட்டுலதான் நீ இருக்கியே."

இதற்குள் எதிர்வீட்டு அம்மாள், புதன்கிழமைதோறும் அக்காவும் தம்பியும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். முட்டிவலிக்கு வைத்தியம் என்றேன். சொன்ன பிறகு நொண்டாமல் எப்படி? அதுமுதல் புதன்தோறும் தெருமுனை வரைக்கும் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தேன். ஒருநாள் தம்பி, "போன வாரம் நொண்டினது இன்னொரு கால், அக்கா," என்று காதோடு சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் மாறும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு மதுக்கடை இருந்தது. அன்று திரும்பி வரும்போது அங்கே அவன் நடை தளர்ந்தது. நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை புதன்கிழமை பிடித்துக்கொண்டே திரிய முடியும்?

மூன்றாவது கூட்டம் பஸ் போய் நிற்கும் கடைசி நிறுத்தத்தில். உள்ளே நுழைந்தால், முன்வரிசையில் எதிர்வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். புதன்கிழமை பாட்டு வகுப்புக்குப் போவதாக அவர் மனைவி சொல்லியிருந்தாள்.

அவர் எழுந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இல்லை. "வாங்கம்மா. முட்டிவலிக்கு இங்கயா பாக்குறாங்க?"

"ஆமாம். பாட்டு எந்த அளவுல இருக்கு?"

"சுருதியே இன்னும் சேரல," என்றார். தம்பி முதலில் சிரித்தான். பிறகு நாங்களும்.

திரும்பும் பஸ்ஸில் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "நம்ம தெரு நூலகம் இருக்குல்ல, அது மாடியிலயே ஒரு கூட்டம் நடக்குது. நான் போறதில்ல. தெரிஞ்சவங்க இருப்பாங்களே."

மதுக்கடை வந்தது. இரண்டு பேருமே ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு முகங்களையும் பார்த்தபோதுதான் முடிவெடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை, தெருவே பார்க்க, நொண்டாமல் நடந்து நூலக மாடி ஏறினேன். தம்பி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தான். கதவைத் திறந்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கிரேன் ஓட்டுபவர், ஓட்டல் சமையல்காரர், பள்ளி ஆசிரியை, இன்னும் சிலர். எல்லாரும் வேறு பகுதிக்காரர்கள்.

"எங்க வீடு கடைசி நிறுத்தத்துக்கிட்ட," என்றார் ஆசிரியை. "அங்கயும் ஒரு கூட்டம் இருக்கு. ஆனா எங்க தெரு ஆளுங்க பாத்துருவாங்களேன்னு இங்க வர்றேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு எல்லாம் நினைவுக்கு வந்தது.

கிரேன்காரர் தம்பியிடம் என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் என்றான்.

"மேல போறது, கீழ வர்றது. இங்க எல்லாருக்கும் அதே அனுபவம்தான். நடுவுல மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

"பதறக்கூடாதுங்க," என்றான் தம்பி. "உள்ள இருக்கிறவங்க தாங்களே கதவை நெம்பித் திறந்தாத்தான் ஆபத்து. மணியை அடிச்சிட்டு, ஆள் வர்ற வரைக்கும் சும்மா நிக்கணும்."

சமையல்காரர், "நான் மணியே அடிக்கலையே," என்றார். தம்பி, "நானும்தான்," என்றான். அதன்பிறகு அவன் பேசினான். எனக்குக்கூடத் தெரியாத கதைகள். நான் சத்தமில்லாமல் எழுந்து கீழே வந்து பத்திரிகை படித்தேன். மேலே அவன் சிரிப்பது கேட்டது.

மறுவாரம் நான் செருப்பை மாட்டும்போது தடுத்தான். "நீ வராத அக்கா. நீ உக்காந்திருந்தா எல்லாரும் முதுகை நிமிர்த்திக்கிறாங்க. நானே போய்க்கிறேன்."

போனான். நேரத்துக்கு வீடு திரும்பினான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தம்பி மனைவி எனக்கு நல்ல காபி ஒன்று போட்டுக் கொடுத்தாள்.

அன்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டருகில் நின்று, "இப்பல்லாம் வைத்தியத்துக்குப் போறதில்லையா? முட்டி எப்படி இருக்கு?" என்றாள்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. என் தம்பி குடியை விட்டுட்டான். நூலக மாடியில கூட்டத்துக்குப் போறான். தானாவே போறான்," என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அங்க பாட்டு வகுப்பும் உண்டாக்கா?" என்றாள்.

"உண்டு. புதன்கிழமை சாயங்காலம். அவரைத் தம்பியோடயே போகச் சொல்லு."