அஞ்சும் கீது

கமாலுக்குக் கால் பெருவிரலில் மூட்டுத் தேய்மானம். டாக்டர் அந்த மூட்டின் இரண்டு எலும்புகளையும் ஸ்குரூ போட்டு ஒன்றாகச் சேர்த்துவிட்டார். இனி விரல் மடங்காது, வலிக்கவும் வலிக்காது. ஆனால் ராயபுரத்தில் கால்விரல் ஆபரேஷன் என்றால் ஒரே அர்த்தம்தான்: சர்க்கரை முற்றி விரலை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் கட்டுப்போட்ட காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கமாலுக்கு உடம்பே கூசியது. காலைப் போர்வைக்குள் மறைத்தார். மறைத்ததும் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

தையல் பிரித்த அன்று, பக்கத்து மளிகைக்கடை ராமசுப்பு அண்ணாச்சி சர்க்கரை இல்லாத பிஸ்கட்டோடு வந்தார். அதைப் பார்த்ததும் கமாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னா அண்ணாச்சி, நீயுமா? எனக்கு சுகரே கெடயாது! வாயக் கட்டாம கண்டதையும் துன்னுட்டு வெரல தொலைக்க நான் இன்னா கேணையனா?” போர்வையை உதறினார், கட்டை அவிழ்த்தார், காலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “நல்லா எண்ணிக்கோ! அஞ்சும் கீது!”

அண்ணாச்சி நிஜமாகவே எண்ணினார்.

“ஆமா பாய், அஞ்சும் இருக்கு. நல்லா இருங்க.”

சொல்லிவிட்டு, எந்த வெயிலிலும் சாக்ஸ் கழற்றாத தன் வலது காலை நாற்காலிக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டார். உள்ளே விரல் இல்லாமல், சாக்ஸின் நுனி தட்டையாக மடிந்திருந்தது.

நீட்டிய காலை எப்படி மடக்குவதென்று கமாலுக்குத் தெரியவில்லை.