தறிகள் நின்ற மாலை

கருமத்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமையும் விசைத்தறி ஓடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த ஞாயிறு, மாதா கோயில் மைதானத்தில் பங்குக் குடும்ப விழா. காலையில் சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன். மத்தியானம் தக்காளிச் சாதம். மாலையில் உயிர்க்குடில், இயேசு பிறந்த தொழுவத்தை ஆட்களே நடித்துக் காட்டுவது. மரியாள், சூசையப்பர், இடையர்கள், எல்லாம் பங்கின் பிள்ளைகள்தான். குழந்தை இயேசுவாக அருள்செல்வியின் ஆறு மாதப் பையன்.

விழாவை நடத்துபவர் ஞானாபரணம், மறைக்கல்வி வாத்தியார். தறிச் சத்தத்தில் மைக் கேட்காது. அவர் கோயிலுக்குப் பின்னால் இருந்த வேலனின் ஷெட்டுக்குப் போனார்.

"ஏனுங்க வேலன், ஒரு மணி நேரம் நிறுத்திப்போட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

"நிறுத்திப்போடறனுங்க சார். மத்த ஷெட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிப்போடறேன். புள்ளைங்க ஆட்டுக்குட்டி கேட்டுதுங்க, அதையும் புடிச்சுக்கிட்டு வாரேன். ஸ்டேஜுல புழுக்கை போட்டா என்னையத் திட்டக் கூடாதுங்க."

"தொழுவம்தானுங்க. போடட்டும்."

அருள்செல்வி கோயமுத்தூர்ப் பெண். ஷெர்வினைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவர்கள் வீட்டுக்கும் தறி ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரின் இந்தப் பக்கம் தூளி.

சில வாரங்களாக அவள் சமையலறையில் தட்டைக் கீழே போடுகிறாள். வேண்டுமென்றே. பையன் திரும்புவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் காது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் படுத்திருந்தது அந்தச் சுவரோரம்.

"இந்தத் தறிக்கு எனக்கே ஒண்ணும் கேக்கறதில்ல. அவன் எப்பிடித் திரும்புவான்? பயப்படாத அம்மணி" என்று சிரித்தான் ஷெர்வின்.

அவள் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

மேடையில் சோளத்தட்டால் கூரை போட்டிருந்தார்கள். குழந்தை அழுதால் எடுப்பதற்காக அருள்செல்வி தொட்டிலுக்குப் பின்னால், வைக்கோல் மறைவில் உட்கார்ந்தாள். பையன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

இருட்டத் தொடங்கியது. ஷெட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் கிழக்கே. பிறகு பஸ் ஸ்டாப் பக்கம். கடைசியில் வேலனுடையது.

மைதானத்தில் பேச்சு தானாக நின்றது. கொடிமரத்துக் கயிறு கம்பத்தில் உரசுவது கேட்டது. ஒரு பெண் பழக்கத்தில் பக்கத்துப் பெண்ணிடம் கத்திச் சொன்னாள்: "எங்க மாமியா இன்னைக்குக் குளிக்கவே இல்லீங்க!" மைதானம் முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பும் அடங்கியது. காற்றில் இருந்த தறிப் பஞ்சு மெல்ல இறங்க ஆரம்பித்தது. மேடை விளக்கில் அது இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பையன் கண்ணைத் திறந்திருந்தான். விளக்கு பட்டிருக்கும் என்று அருள்செல்வி நினைத்தாள்.

மரியாளாக நின்றவள் ஷெர்வினுடைய அண்ணன் மகள், ஆஷ்லி. நீலத் துப்பட்டாவை முக்காடு போட்டிருந்தாள். அவள் பையனை வாங்கித் தொட்டிலில் கிடத்தினாள். அவன் அழுதான்.

அருள்செல்வி வைக்கோலுக்குள்ளிருந்து கை நீட்டித் தட்டிக்கொடுத்தாள். பால் குடித்திருந்தான். துணி நனையவில்லை. அழுகை நிற்கவில்லை.

"யாரும் சத்தம் போடாதீங்க. கொழந்தை தூங்கட்டும்" என்றார் ஞானாபரணம் மைக்கில். பலூன்காரரிடம் ஊதலை நிறுத்தச் சொன்னார். ஆட்டுக்குட்டியின் மணியைக் கழற்றினார்கள். கடைசியில் மைக்கையும் அணைத்தார். அமைதி கூடக் கூட அழுகையும் கூடியது.

ஆஷ்லி உதடு அசையாமல் சொன்னாள்: "சித்தி, பொம்மையே வெச்சிருக்கலாம்."

"போன வருசம் பொம்மைக்குத் தலை கழண்டு விழுந்துச்சே."

"அது அழுவலயே."

அருள்செல்விக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடைப் பலகையில் ஊன்றிய கையைப் பார்த்தாள். விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. டடக் டடக், டடக் டடக். எப்போது தொடங்கின என்று அவளுக்குத் தெரியாது. நான்கு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஓட்டம்.

பையனின் அழுகை ஒரு இடத்தில் தடுக்கியது.

ஆஷ்லி அவளைப் பார்த்தாள். பிறகு மரியாளின் கால் பலகையைத் தட்டியது. இடையர்கள் கோலால் தட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் விரலால் தட்டினார்கள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. யாரும் வேகம் தப்பவில்லை. தூக்கத்திலும் அவர்களுக்குத் தெரிந்த வேகம் அது. இருட்டில் உட்கார்ந்திருந்த மைதானம் தறி போல மெதுவாக ஓடியது.

"நிறுத்தச் சொல்லிப்போட்டு நீங்களே ஓட்டறீங்களே சார்!" என்றான் வேலன் பின்னாலிருந்து.

பையன் கண்ணை மூடினான்.

அருள்செல்வி பலகையிலிருந்து கையை எடுத்தாள். ஆஷ்லியின் காலைப் பிடித்துக்கொண்டாள். இடையர்களைக் கோலைத் தூக்கச் சொன்னாள். இப்போது தொட்டிலுக்கு மேடையின் அதிர்வு இல்லை. நாற்காலிகளின் சத்தம் மட்டும் தூரத்திலிருந்து வந்தது. பையன் தூங்கினான்.

அவள் வைக்கோலை விலக்கிக்கொண்டு எழுந்தாள். உள்ளங்கையைக் கூட்டத்துக்குக் காட்டினாள். சத்தம் நின்றது.

பையன் கண்ணைத் திறந்தான். தலையைத் திருப்பினான். நாற்காலிகளின் சத்தம் வந்த இருட்டைத் தேடினான்.

"ஏம்மா நிறுத்துனீங்க? இப்பத்தானே தூங்குனான்" என்றார் ஞானாபரணம்.

"இன்னொருக்கா சார்."

தட்டினார்கள். கண் மூடியது. அவள் கையைக் காட்டினாள். நின்றது. கண் திறந்தது. இந்த முறை அவன் உதடு பிதுங்கி, வீறிட்டு அழுதான்.

"சித்தி! என்ன பண்றீங்க நீங்க?" ஆஷ்லிக்கே அழுகை வந்துவிட்டது. "என் டயலாக்கே இன்னும் வரல."

"அழுவட்டும் கண்ணு" என்றாள் அருள்செல்வி. "கொஞ்ச நேரம் அழுவட்டும்."

முன்வரிசையில் ஷெர்வின் எழுந்து நின்றிருந்தான். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனும் பயந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் குனிந்து நாற்காலியின் கையில் தட்ட ஆரம்பித்தான். மைதானம் சேர்ந்துகொண்டது.

ஆஷ்லி தன் வசனத்தைச் சொன்னாள். வானதூதர் வந்து சொன்னார். இடையர்கள் சொன்னார்கள். மைக்கை மறுபடி போட்டும் தட்டலில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை. பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டி தொட்டிலின் வைக்கோலை ஒவ்வொன்றாக உருவித் தின்றது.

பையன் தூங்கினான்.