விழாத தோட்டா

...இல்லை, அந்த ஓசை தன்னிடமிருந்து எழுந்ததல்ல என்று ஒரு கணம் டெல்மர் ஸ்லோன் நம்ப முயன்றான், பியானோவின் மூடி சரிந்திருக்கலாம், முன்வரிசையில் யாரேனும் பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டிருக்கலாம், ஆனால் மேற்கு டெக்ஸஸின் பருத்தி வயல்களுக்கு நடுவே கிடக்கும் இந்த ஊரில், தோட்டா ஏற்றுவதற்காகக் கைத்துப்பாக்கியின் மேல்தகடான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விடும் ஓசையை வேறொன்றாக எண்ணிக்கொள்ளக் கூடியவர் யார் இருக்கிறார், கைக்குழந்தைகளைத் தவிர? மௌன ஜெபத்தின் நேரம் அது. தேவாலயம் முழுவதும் தலைகள் குனிந்திருந்தன, கண்கள் மூடியிருந்தன, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபிக்க அனுமதி பெற்றவர்கள் சபையாரிலிருந்தே ஆயுதத்தோடு அமரும் காவல் குழுவினர் மட்டுமே, அவர்களில் ஒருவனான அவன் கடைசிப் பெஞ்சில், கதவுக்கு அருகில், தொடையோடு ஒட்டிப் பிடித்த துப்பாக்கியுடன் அமர்ந்திருந்தான். அதே பெஞ்சின் மறுகோடியில், இந்தச் செப்டம்பர் வெயிலிலும் தடித்த கம்பளிக் கோட்டு அணிந்த, முன்பின் தெரியாத ஒரு கிழவர், கோட்டின் உட்பைக்குள் நுழைத்திருந்த கையை மெல்ல வெளியே எடுத்தார், மற்றக் கையையும் சேர்த்து இரண்டையும் தோளுக்கு மேல் உயர்த்தினார், வலக்கையில் இருந்தது ஒரு பல்செட்டு. அவ்வளவுதான். ஜெபம் முடிந்ததும் பாட்டு வரும், பாடுவதற்குப் பல் வேண்டும், அதற்காக எடுத்தார். முன்வரிசைகளில் சில தலைகள் நிமிர்ந்தன, திரும்பின, டெல்மரைக் கண்டதும் மரியாதையோடு மீண்டும் குனிந்துகொண்டன, அந்த மரியாதை... அதைவிட யாராவது கத்தியிருக்கலாம். போதகர் வழக்கத்தைவிட விரைவாக ஆமென் சொன்னார். பியானோ தொடங்கியது. கிழவர் கைகளை இறக்கி, பல்லைப் பொருத்தி, எழுந்து நின்று பாடினார், ஒன்றுமே நடவாதது போல, முழுக் குரலில், ஒரு சொல்லையும் விழுங்காமல்.

டெல்மர் துப்பாக்கியை இடுப்புறையில் செருகிச் சட்டையை மேலே இழுத்துவிட்டான், சட்டை நுனி உறைக்குள் சிக்கவில்லையே என்று தடவிப் பார்த்தான், மறுபடி தடவிப் பார்த்தான், ஏனெனில் ஸ்லைடை இழுத்ததில் இப்போது துப்பாக்கியின் சுடும் அறைக்குள் ஒரு தோட்டா ஏறியிருந்தது. இதற்கு முன் ஒருநாளும் அவன் அப்படி அணிந்ததில்லை. கைப்பிடிக்குள் மேகஸின் நிறையத் தோட்டாக்கள், சுடும் அறை மட்டும் காலி, அதுதான் அவன் வழக்கம், அதைக் கண்ணாடி முன் இடுப்பில் கட்டும்போது பார்க்கிற நாடினைத் தவிர, அவன் மனைவியைத் தவிர, யாருக்கும் தெரியாத வழக்கம். ஆராதனைக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் குழு கூடும், முன்பு ஷெரிஃபின் உதவி அதிகாரியாக இருந்த ராய்ஸ் பிட்மன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "ஒண்ணு ஏத்தியிருக்கா?" என்பார், ஒவ்வொருவரும் "ஏத்தியாச்சு" என்பார்கள், டெல்மரும் "ஏத்தியாச்சு" என்பான், ஞாயிறு தவறாமல், ஆமென் சொல்வதுபோல. ஒருமுறை யாரோ ஒருவன் காலி அறையோடு வந்தது தெரிந்தபோது ராய்ஸ் அடித்த கேலி இன்னும் காதில் இருக்கிறது: "யோவ், அது துப்பாக்கி இல்லய்யா, சுத்தியல். எவனாவது சுட வந்தா, 'கொஞ்சம் பொறுங்க சார், ரெடி பண்ணிக்கிறேன்'னு சொல்லுவியா?" எல்லோரும் சிரித்தார்கள், டெல்மர்தான் அதிகமாகச் சிரித்தான். ஏன் சிரித்தான்? தோட்டாவுக்கும் தனக்கும் இடையே ஒரு இழுப்பு, ஒரு ஓசை, ஒரு நொடி இருக்கட்டும் என்று அவன் விரும்பியதற்குக் காரணம் கோழைத்தனமா, எச்சரிக்கையா, அல்லது தன் கையைத் தானே நம்பாதவனின் நேர்மையா, அதை அவன் ஒருபோதும் தீர்மானித்ததில்லை, தீர்மானிக்காமல் இருப்பதற்காகவே சிரித்தான் போலும்...

போதகர் பேசிக்கொண்டிருந்தார், எதைப் பற்றி என்று கேட்டால் டெல்மரால் சொல்ல இயலாது. கழிவறைக்குச் சென்று அறையைக் காலி செய்துவிடலாம், ஆனால் கதவை விட்டு நகரக் கூடாது என்பது விதி, நகர்ந்தால் மேடையருகில் பக்கக் கதவோரம் நிற்கும் ராய்ஸின் கண்கள் கூடவே வரும். தோட்டா முன்பே ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஓசை எழுந்திருக்காது. ஓசை எழாவிட்டால் கிழவர் கையை உயர்த்தியிருக்க மாட்டார், கோட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளிறிய மினுமினுப்போடு வெளிவந்திருக்கும், அப்போது இந்த விரல் எங்கே இருந்திருக்கும்? சரி, அது பல்செட்டாக இல்லாமல் வேறொன்றாக இருந்திருந்தால்? அந்த ஓசையே அவனைக் காட்டிக்கொடுத்திருக்கும், அவனும் முன்னால் அமர்ந்திருக்கும் இத்தனை பேரும்... இரண்டும் உண்மை, இரண்டுமே ஒரே ஆளுக்குள் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இவ்வளவு ஆழமாக யோசிக்கிறவன்போலத் தன்னைக் கண்டு அவனுக்கே சற்று ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலின் நடுவில்தான் அவன் அதைக் கண்டுகொண்டான்: தான் கிழவரை எண்ணவே இல்லை. உயர்ந்த அந்தக் கைகளை, அதில் மினுங்கிய பல்லை, குண்டடிக்குக் காத்திருந்த அந்தக் கண்களை அல்ல, ராய்ஸின் முகத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். ஓசையைக் கேட்டவர்கள் அதன் பொருளையும் உணர்ந்திருப்பார்களா, ஏற்றியிருந்தவன் எதற்காக மறுபடி ஏற்ற வேண்டும் என்று? ஒரு முதியவரைச் சாவின் முன் நிறுத்திய வெட்கத்தைவிடப் பெரிதாக, சூடாக, இந்த மற்ற வெட்கம் அவன் காதுகளில் ஏறி நின்றது.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் பக்கத்துக் கூடத்துக்கு, பகிர்ந்துண்ணும் உணவுக்கு நகர்ந்தபோது ராய்ஸ் கூட்டத்தை எதிர்த்து நடந்து வந்தார், டெல்மர் வாயைத் திறக்கும் முன் அவன் தோளில் கையைப் போட்டார், குரல் கனிந்திருந்தது. "விடு பிரதர். பதட்டத்துல எல்லாருக்கும் நடக்குறதுதான். நானும் ஒருதடவ ஏத்தினதுக்கு மேல ஏத்தியிருக்கேன். சரி, வெளிய குதிச்ச தோட்டா எங்க?" டெல்மருக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. அறையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், ஸ்லைடை இழுக்கையில் அது வெளியே தெறித்து விழுந்திருக்க வேண்டும். ராய்ஸ் அவனைச் சந்தேகிக்கவே இல்லை. அவன் சொன்ன எல்லா 'ஏத்தியாச்சு'வையும் அப்படியே நம்பி, இப்போது தரை விரிப்பில் கண்களை ஓட்டிக்கொண்டிருந்தார். "பெஞ்சுக்கு அடியிலதான் உருண்டிருக்கும். சின்னதுங்க கையில மாட்டினா வம்பு," என்றவர் ஞாயிறு வகுப்பறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, கிடைக்கிற வரைக்கும் புள்ளைங்கள வெளிய விடாதீங்க!" என்று குரல் கொடுத்தார். உள்ளிருந்து பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள், "பசிக்குது!" என்று ஒரு குரல் கத்தியது. இப்போது சொல்லலாம். எதுவும் விழவில்லை ராய்ஸ், விழுவதற்கு எதுவும் இருக்கவில்லை... இவ்வளவுதான் வாக்கியம். டெல்மர் மண்டியிட்டான். கைகளை ஊன்றிப் பெஞ்சுக்கு அடியில் தலையை நுழைத்தான்.

நாடினின் காலணிகள் வந்து நின்றன. "என்னங்க தேடுறீங்க?" தோட்டா என்றார் ராய்ஸ், இவன் இழுத்தப்ப தெறிச்சது. பீக்கன் கொட்டைப் பலகாரம் வைத்த தட்டைக் கைமாற்றிக்கொள்ளும் சத்தம், பிறகு அவள் குரல், சற்றுக் குழப்பமாக: "தெறிச்சுதா? ஆனா, இவரு எப்பவும்..." "நீ போய்ச் சாப்பாட்டைக் கவனி நாடின்," என்றான் டெல்மர், பெஞ்சுக்கு அடியிலிருந்தே, வீட்டில் ஒருநாளும் அவளிடம் பயன்படுத்தாத குரலில். காலணிகள் சிறிது நேரம் அசையவில்லை, அவள் எல்லாவற்றையும் கணக்குப்போட்டு முடித்திருப்பாள், பிறகு நகர்ந்தன. ராய்ஸ் வகுப்பறைக் கதவுக்குப் போனார். மேகஸினிலிருந்து ஒன்றை உருவிக் 'கிடைத்துவிட்டது' என்று நீட்டலாமா, ஆனால் அதற்குத் துப்பாக்கியை இங்கே மீண்டும் வெளியே எடுக்க வேண்டும்... என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கையில், பின்னால் மூட்டுகள் நெட்டி முறியும் ஓசையும் ஒரு முனகலும் கேட்டன, கம்பளிக் கோட்டின் நாப்தலின் வாசனை வந்தது.

"நானும் தேடுறேன் தம்பி. எம்பேரு ஹோரஸ். பியானோ வாசிக்கிறாளே ஓபல், அவளுக்கு அண்ணன்." கிழவர் அவனுக்குப் பின்னாலேயே தவழ்ந்தார். "பயமுறுத்திட்டேன்ல உங்கள? இந்தக் கோட்டு ஒரு சனியன். ஏசி எனக்கு ஆகாது, கழட்டச் சொல்லி ஓபல் திட்டுனா, நான்தான் கேக்கல." பரவாயில்லை என்றான் டெல்மர், மன்னிக்க வேண்டியவன் தானே என்பதுபோல. "எனக்கென்னமோ எதுவும் விழுந்த மாதிரித் தெரியல, தம்பி," என்றார் கிழவர், உள்ளங்கையால் விரிப்பைத் தடவியபடி, "அந்தப் பக்கமேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், கண்ண எடுக்கவேயில்ல. ஆனா எங்கண்ண நம்ப முடியாது, வயசாச்சுல்ல." அவர் தம் கண்களின் மீது பழியைப் போட்டுக்கொண்டு அடுத்த பெஞ்சின் அடியைப் பார்க்கக் குனிந்தார். டெல்மர் ஒரு முழம் முன்னே தவழ்ந்தான், அப்போது இடுப்பில் உறையின் விளிம்பு அழுந்தியது. நின்று நடக்கையில் தரையைப் பார்க்கும் குழல், இப்படி நான்கு காலில் தவழ்கிறவனின் இடுப்பில் எங்கே பார்க்கும்? பின்னால். பின்னால் ஹோரஸின் முகம் இருந்தது, பெஞ்சுகளின் நடுவே, ஒரு கை தொலைவில், அவனுக்காகத் தேடிக்கொண்டு. உறை விசையை மூடியிருக்கிறது, தானாக எதுவும் நடக்காது, அது தெரியும், எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான், ஆனாலும் உடல் முழுவதும் வியர்த்தது. சொல்லிவிடு. இப்போதே, ராய்ஸுக்குக் கேட்கும்படி. அவன் வாய் திறந்தது, மூச்சு இழுத்தது.

"நீங்க... அந்தப் பக்கம் போய்ப் பாருங்களேன்."

"அந்தப் பக்கமா? சரி தம்பி," என்றார் கிழவர், ஏன் என்று கேட்கவில்லை, பெஞ்சின் நுனியைப் பற்றிக்கொண்டு, முனகி, மெல்லத் திரும்பி, நடைபாதையைக் கடந்து மறுபுற வரிசைக்குத் தவழ்ந்து போனார். குழலுக்கு நேரே இப்போது வெறும் சுவர். டெல்மரின் மூச்சு சீரானது, தோள்கள் தளர்ந்தன, அப்பாடா என்று அவனுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்தே விட்டது, அந்த நிம்மதியை, அது எவ்வளவு முழுமையாக இருந்தது என்பதை, அவன் விரிப்பின் மேல் முகம் தாழ்த்தியபடி பார்த்துக்கொண்டிருந்தான், மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது: "இங்கயும் இல்ல தம்பி. நீங்க கவலப்படாதீங்க, நான் இன்னும் தேடுறேன்."