ஊதல் அக்காவின் பழைய நோட்டு

நோயாளிகளிடம் நாள் முழுக்க "ஊதுங்க, இன்னும் கொஞ்சம் ஊதுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு ஊதல் அக்கா என்று பெயர் வந்துவிட்டது. இனிப்புக் கரைசலைக் குடிக்க வைத்து, கால் மணிக்கொரு தரம் குழாயில் ஊத வைப்பாள். கரைசல் பெருங்குடலுக்குப் போனதும் அங்கே கிளம்பும் வாயு மூச்சில் கலக்கும்; அதை வைத்து, போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆனது என்று மெஷின் காட்டும். ஆள் வருவதற்கு முன்பே அன்றைய படிவங்களை அடுக்கி வைத்து, "நேற்றிரவு பயறு தவிர்த்தாரா? புகை தவிர்த்தாரா?" என்ற கட்டங்களில் அவளே டிக் போட்டுவிடுவாள். கூட்டம் அப்படி.

அன்று வந்தவள் தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். இரண்டு வருஷமாக வயிறு உப்பிக்கொண்டு, சாப்பிட்டது நகராமல் கிடந்தாள். மெக்கானிக் கணவன் ஒரு நிபந்தனையோடுதான் கூட்டி வந்திருந்தான். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் அவள் இனி வயிற்றைப் பற்றிப் பேசக்கூடாது.

எழுபத்தைந்து நிமிஷம் என்று வந்தது. நார்மல்.

"பாத்தியா? எல்லாம் உன் மனசுதான். பேசினபடி வாய மூடிக்கோ."

அவள் அழவில்லை. தாளை எட்டாக மடித்தாள். "மெஷினே சொல்லிடுச்சு. அப்ப எனக்குத்தான் கிறுக்கு போல."

அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த பெரிய டாக்டர் ஞாபகத்துக்கு வந்தார். அப்போது எல்லோருக்கும் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை சோதனை. நீள நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதிசயம். "குடல் என்ன ரயிலா, டயத்துக்கு வர?" என்று சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் நோயாளியிடம் கதை கேட்பார். அந்தக் காலம் நினைத்தாலே இனிக்கும். பிறகு கூட்டம் பெருகியது. இரண்டாவது பத்தி நின்றது. நாற்காலியும் பக்கத்து அறைக்குப் போனது.

"ஏம்மா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"அவிச்ச பயறுக்கா. சாப்பிடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அக்கா படிவத்தை எடுத்துப் பார்த்தாள். பயறு தவிர்த்ததாக தன் கையாலேயே போட்ட டிக். அதைக் கணவனிடம் நீட்டினாள். "அண்ணே, கேக்காமலே நான் போட்ட டிக் இது. தப்பு என்னோடது."

"அப்ப மெஷின் பொய்யா?"

"வயித்துல வர்ற காத்தைத்தான் அது எண்ணுது. பயறு சாப்பிட்டா அந்தக் காத்தும் சேந்து கணக்கு குழம்பிடும். ஒழுங்கா செஞ்சாலும் இன்னைக்கு ஒண்ணு காட்டும், அடுத்த வாரம் வேற காட்டும். திரும்ப ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம், பயறு தவிர்க்க வைத்து, முணுமுணுத்துக்கொண்டே கூட்டி வந்தான். இந்தத் தடவை நூற்று நாற்பது நிமிஷம், நார்மலைத் தாண்டி. அவன் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"இதுல எதை நம்புறது?"

அக்கா பக்கத்து அறைக்குப் போய் அந்தப் பழைய நாற்காலியைத் தூக்கிவந்து, மனைவிக்கு எதிரே போட்டாள்.

"ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டலாம். அதுக்கு முன்னாடி உக்காந்து இவ சொல்றத கேளுங்க. மெஷின் பாத்தது மூணு மணி நேரம். அந்த வயித்தோட ரெண்டு வருஷமா குடித்தனம் பண்றவ இவ. ஒரு நம்பரைக் காட்டி நோவுல இருக்கிறவங்க வாயை அடைக்கிறது பாவம். நானும் அதைத்தான் செஞ்சுட்டு இருந்தேன்."

அவன் உட்கார்ந்தான். கையில் இருந்த தாள்களை மேஜைமேல் வைத்தான்.

"சரி, ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.