ஐம்பது இடம் தள்ளிய பூ

கற்பூரம் காட்டிப் புதுப் பாவு நூலைத் தறியில் ஏற்ற இன்னும் அரை நாழிகையே இருந்தது. அதற்குள் டிசைன்கள் இருக்கும் கணினியின் கடவுச்சொல் பூட்டைத் திறந்துவிட்டால், இளமதி வரைந்த கொன்றைப்பூச் சேலைக்கரை தறியேறும். இல்லையேல் வழக்கமான மாங்காய்க் கரைதான். பாவு தீரும்வரை, மாதக்கணக்கில், அதன் முகத்திலேயே விழிக்க வேண்டும். இரண்டுக்கும் அட்டைகள் துளையிட்டுத் தயாராகக் கிடந்தன. பந்தயம் கட்டியவன் அவள் கணவன் கமலக்கண்ணன். யாரோ அவர்களுடைய டிசைனைக் களவாடி நெய்துவிட்டதிலிருந்து, அவன் பூட்டின்மேல் பூட்டாகச் சிந்தித்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்வேர்டு சொல்ல அப்படியே போடல. ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தையும் அம்பது எடம் முன்னால தள்ளிட்டேன். இசட் முடிஞ்சா மறுபடி ஏ. ஆரணி ஊரையே கூட்டிகினு வந்தாலும் தொறக்காது."

தார்க்குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் அபிதகுசாம்பாள் நிமிரவில்லை. "போன வாரம் சாவியத் தொலச்சிட்டு ஓட்டுமேல ஏறினவன் பேசறான் பாரு."

இளமதியின் பார்வை தறியின் உச்சிக்குச் சென்றது. அங்கே அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டுத் தொங்கின. ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை நகரும். கடைசி அட்டை கடந்ததும் முதல் அட்டையே முகம் காட்டும். அடியும் முடியும் ஒன்றாகிவிட்ட வட்டம்.

"ஏங்க, இருபத்தாறு அட்ட கோத்த மாலைய அம்பது வாட்டி மிதிச்சா?"

"ஒரு சுத்து போயி, இன்னொரு இருபத்துநாலு..." அவன் குரல் தேய்ந்தது.

"இன்னும் ரெண்டு மிதிச்சா கெளம்பின எடமே. அப்ப, அம்பது முன்னால போறதும் ரெண்டு பின்னால வர்றதும் ஒண்ணுதானே?"

"தெனம் மிதிக்கிற காலுக்குத் தெரிஞ்சது தலைக்குத் தெரியலியேடா," என்றாள் அபிதகுசாம்பாள்.

இனிச் சொல் ஒன்றே மிச்சம். படவேட்டு அம்மனின் பெயரை இரண்டிரண்டு எழுத்துப் பின்வாங்கி அடித்தாள். திறக்கவில்லை. சற்றே நாணத்துடன் தன் பெயரை அடித்தாள். அதுவும் இல்லை. உள்ளே சுருக்கென்றது. கற்பூரத் தட்டு வந்துவிட்டது. வென்றவன் முகத்தில் இருக்க வேண்டிய பெருமிதம் கமலக்கண்ணன் முகத்தில் இல்லை; தோற்கத் தவிப்பவன்போல் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அவள் அந்தக் கரையை முதன்முதல் காட்டிய நாள் நினைவில் எழுந்தது. ஈசன் முடியில் இருக்கும் மலர்ச்சரத்தைக் கண்டவன்போல் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "நல்லாத்தான் கீது. விக்குமா?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

கே-க்கு ஐ. ஓ-வுக்கு எம். கொன்றையின் ஆறு ஆங்கில எழுத்தும் இரண்டடி பின்வாங்கி நின்றன. பூட்டு திறந்தது.

அவன் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"இந்தச் சொல்ல மாத்திடுங்க. மனசுல இருக்கறதையே வெச்சா யார் வேணும்னாலும் கண்டுபுடிச்சிடுவாங்க."

"சம்பந்தமே இல்லாத நாலஞ்சு சொல்லக் கோத்து நீளமா வெக்கறேன்."

"இன்னா சொல்லு?"

"சொல்லிட்டா பூட்டு எதுக்கு? ஜல்தி வா, கற்பூரம் அணையப் போவுது."

பாவு ஏறியது. கொன்றை அட்டைகள் உச்சியில் வளையமிட்டுத் தொங்கின. அவன் மிதித்தான். அட்டை ஒன்று நகர, அரக்கு நிற இழைகளுக்கிடையே பொன்னிறத்தில் ஒரு புள்ளி எழுந்தது. அடுத்த மிதியில் அது இரண்டு இதழாக விரியத் தொடங்கியது.